அண்ணன் குடுத்த தொட்டிலை ரிப்பேர் பண்ணப் போய் ரம்பத்துல அறுத்த கதை

மொதல்லயே சொல்லிடறேன், இது ஜெயிச்ச கதை இல்ல. மூணு சனிக்கிழமை, ரெண்டு டியூப் எபாக்ஸி பசை, ஹார்ட்வேர் கடைக்கு நாலு நடை, இவ்ளோ பண்ணியும் கடைசில அந்தத் தொட்டில் குப்பைக்குத்தான் போச்சு. ஆனா என்ன மாதிரி கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எதையும் சரி பண்ணிடலாம்னு நெனைக்கிற அப்பாக்கள் நெறைய பேரு இருப்பீங்க, அதான் எழுதறேன்.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சில. மனைவிக்கு ஏழாம் மாசம் நடந்துட்டு இருந்தப்ப பக்கத்து டவுன்ல இருக்கற ஒரு அண்ணன் போன் பண்ணி, "தம்பி, எங்க கராஜ்ல கட்டில் மாதிரி கால் வெச்ச கிரிப் தொட்டில் ஒண்ணு சும்மா கெடக்கு, என் ரெண்டு பசங்களும் அதுலதான் வளந்தானுங்க, நல்ல மரம், வந்து எடுத்துட்டுப் போ"ன்னாரு. அவரு பெரிய பையன் இப்ப காலேஜ் போறான். புதுசு வாங்கினா முந்நூறு நானூறு டாலர் ஆகும்னு கணக்குப் போட்டுட்டு இருந்த எனக்கு இது சாமி குடுத்த மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே வேனை எடுத்துட்டுப் போயிட்டேன்.

பார்க்க நிஜமாவே அழகான பொருள். கருஞ்சிவப்பு பாலிஷ், ரெண்டு பக்கமும் வளைவு வெச்ச தலைப்பலகை. ஒரு பக்கம் மட்டும் மேலயும் கீழயும் எறங்குற மாதிரி, அதத்தான் டிராப் சைடுன்னு சொல்றாங்க, கொஞ்சம் தூக்கி முட்டியால ஒரு தள்ளு தள்ளினா அந்தப் பக்கம் சர்ருனு கீழ எறங்கும், குழந்தைய குனிஞ்சு படுக்க வைக்க வசதி. போல்ட் நட்டெல்லாம் ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க. மேனுவல் மட்டும் இல்ல. "அது என்ன பெரிய ராக்கெட்டா, பாத்தாலே தெரியும்"னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன்.

முதல் சனிக்கிழமை ஹால் கார்ப்பெட்ல எல்லாத்தையும் பரப்பி எண்ணிப் பாத்தேன். ஓட்டை எட்டு, போல்ட் ஏழு. சரி ஒரு போல்ட்தானேன்னு கடைக்குப் போயி அளவு பாக்காம கால் இன்ச் போல்ட் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு சுத்து போச்சு, அப்புறம் கல்லு மாதிரி நின்னுடுச்சு. நானும் விடாம எல் கீயை வெச்சு அழுத்தித் திருப்பினதுல உள்ள இருந்த நட்டோட மரை தேஞ்சு போச்சு. அப்புறம்தான் புத்தி வந்து ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், தொட்டில்ல இருக்கறது எம்6, மில்லிமீட்டர் கணக்கு, நான் வாங்கினது இன்ச் கணக்கு. பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆனா மரையோட இடைவெளி வேற. அமெரிக்கால எதக் கழட்டினாலும் மொதல்ல இதப் பாருங்க, இல்லேன்னா இன்னொரு நடை போகணும். நான் போனேன், புது நட்டும் சேத்து வாங்கினேன்.

அடுத்த பிரச்சினைதான் பெருசு, ஆனா அப்ப எனக்கு அது சின்னதாத்தான் தெரிஞ்சுது. டிராப் சைடு எறங்குறதுக்கு ரெண்டு கால்லயும் ஒரு பிளாஸ்டிக் தடம் இருக்கு, கட்டைவிரல் அகலம், நீளமா ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்ள பக்கச் சட்டத்தோட மூலைல இருக்கற ஒரு பிளாஸ்டிக் முளை வழுக்கிட்டு ஓடும். அவ்ளோதான் மொத்த மெக்கானிசமும். இத்தனை கனமான மரச் சட்டத்த, உள்ள நின்னுட்டு அதப் புடிச்சு ஆட்டப் போற குழந்தைய, தாங்குறது அந்தச் சுண்டுவிரல் நுனி சைஸ் முளை. அதுல எடது கீழ்ப்பக்கத் தடத்துல ஒரு வெடிப்பு இருந்துச்சு, முடி மாதிரி, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும். நகத்தால நெம்பினேன், வாயத் தொறந்துச்சு. பத்துப் பதினஞ்சு வருஷம் கராஜ்ல கெடந்திருக்கு, குளிர்காலத்துல அங்க தண்ணி உறையும், ஜூலைல அடுப்பு மாதிரி கொதிக்கும், பிளாஸ்டிக் எப்படி இருக்கும்? அப்பளம் மாதிரி ஆயிருந்துச்சு. தடத்த மரத்தோட புடிச்சிருந்த குட்டி மர ஸ்க்ரூ ரெண்டும் வேற லூசு, கையாலயே சுத்துது.

நம்ம ஊரு மூளை என்ன சொல்லும்? எபாக்ஸி போடு. ஸ்க்ரூ ஓட்டைல தீக்குச்சி வெச்சு குளூ ஊத்தி மறுபடி முடுக்கு. அதே தான் பண்ணேன். ரெண்டாவது சனிக்கிழமை முழுக்க அதுலயே போச்சு. ஒரு நாள் காய விட்டு, அடுத்த நாள் கோத்தா டிராப் சைடு எறங்கவே மாட்டேங்குது, அரை மணி நேரம் மல்லுக்கட்டினப்புறம்தான் தெரிஞ்சுது அந்தப் பக்கத்த நான் தலைகீழா மாட்டியிருக்கேன். தலைகீழா மாட்டினாலும் கிட்டத்தட்ட உக்காருது, அதான் கொடுமை. ஒரு பொருள தப்பா மாட்ட முடியும்னா மேனுவல் இல்லாத ஒருத்தன் கட்டாயம் தப்பாத்தான் மாட்டுவான், அந்த ஒருத்தன் நான். திருப்பி மாட்டினேன். எறங்குச்சு, ஏறுச்சு, "டக்"னு பூட்டிக்கிச்சு. மனைவியக் கூப்பிட்டு காட்டினேன், ஒரே பெருமை.

அவதான் கேட்டா. "எதையாவது வெயிட்டா வெச்சுப் பாத்தியா?"

குழந்தைக்கு பதிலா வைக்க வீட்ல என்ன இருக்கும்? இந்தியன் ஸ்டோர்ல வாங்கின 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டை இருந்துச்சு. கிட்டத்தட்ட ஒம்பது கிலோ, ஒம்பது பத்து மாசக் குழந்தை எடை. அத மெத்தை நடுவுல வெச்சு, கொஞ்சம் உருட்டி டிராப் சைடு பக்கமா சாய்ச்சேன், தூக்கத்துல புரண்டு வர்ற மாதிரி. ஒண்ணும் ஆகல. இன்னொரு தடவ, கொஞ்சம் வேகமா. ஒண்ணும் ஆகல. மூணாவதோ நாலாவதோ தடவ ஒரு சத்தம், மரம் ஒடையற சத்தம் இல்ல, பாட்டில் மூடி தொறக்கற மாதிரி சின்னதா ஒரு "பிட்". எடது கீழ் மூலைல முளை தடத்த விட்டு வெளிய வந்துடுச்சு. மேல் பக்கம் அப்படியே பூட்டிட்டுதான் இருக்கு, தூரத்துலேர்ந்து பாத்தா தொட்டிலுக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் இருக்கும், ஆனா கீழ சட்டம் வெளிப்பக்கமா விலகி, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஒரு சந்து. மூட்டை மெதுவா, ரொம்ப மெதுவா அந்தச் சந்துக்குள்ள எறங்கி, பாதில மாட்டிக்கிச்சு. இழுத்தா வரல. நான் ரெண்டு கையால சட்டத்தத் தள்ளிப் புடிச்சாதான் வெளிய எடுக்க முடிஞ்சுது.

நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. மனைவி மூட்டைய எடுத்துட்டு கிச்சனுக்குப் போயிட்டா. நான் தொட்டில தலைகீழா கவுத்து லேபிள் தேட ஆரம்பிச்சேன்.

இது நான் மொத நாளே பண்ணியிருக்கணும். லேபிள் பெரும்பாலும் தலைப்பலகைக்கு கீழ் ஓரத்துலயோ மெத்தை தாங்குற பலகைலயோ ஒட்டியிருப்பாங்க, மாடல் நம்பர், தயாரிச்ச தேதி, தயாரிச்ச நாடு எல்லாம் இருக்கும். என்னுதுல 2008னு போட்டிருந்துச்சு. அந்த மாடல் நம்பர சிபிஎஸ்சி தளத்துல போட்டுப் பாத்தேன். சிபிஎஸ்சின்னா அமெரிக்காவோட நுகர்பொருள் பாதுகாப்பு கமிஷன், டோஸ்டர்லேர்ந்து தொட்டில் வரைக்கும் வீட்டுச் சாமான் எதுல ஆபத்து இருந்தாலும் ரீகால், அதாவது வித்த பொருள திரும்ப வாங்கவோ சரி பண்ணவோ சொல்ற அறிவிப்பு, விடறது அவங்கதான். வந்துச்சு. படத்தோட வந்துச்சு. அந்தக் கருஞ்சிவப்பு கலர் உட்பட. "பிளாஸ்டிக் பாகம் உடைஞ்சா டிராப் சைடு கழண்டு, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல குழந்தை மாட்டிக்கும்"ங்கற மாதிரி எழுதியிருந்துச்சு. அரிசி மூட்டை எனக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காட்டினதேதான். பல வருஷம் முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி தூங்கல, படிச்சுட்டே இருந்தேன். 2007லேர்ந்து சில வருஷத்துக்குள்ள மட்டும் அமெரிக்கால 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல தொட்டில ரீகால் பண்ணியிருக்காங்க. 2007ல சிம்ப்ளிசிட்டி கம்பெனியோடது சுமார் 10 லட்சம், 2008ல டெல்டாவோடது கிட்டத்தட்ட 16 லட்சம், 2009 நவம்பர்ல ஸ்டோர்க் கிராஃப்ட் தொட்டில் அமெரிக்காவும் கனடாவும் சேத்து 21 லட்சம், 2010 ஜூன்ல ஏழு கம்பெனிகளோடது ஒரே நாள்ல 20 லட்சம். கம்பெனி பேருதான் வேற வேற, கதை அநேகமா ஒண்ணுதான்: பிளாஸ்டிக் உடையும், ஸ்க்ரூ லூசாகும், ஏதாவது ஒரு பாகம் தொலைஞ்சு போயிருக்கும், இல்ல என்ன மாதிரி ஒருத்தன் தலைகீழா மாட்டியிருப்பான். ஆமா, தலைகீழா மாட்றதும் ரீகால் நோட்டீஸ்லயே ஒரு காரணமா இருக்கு, நான் மட்டும் முட்டாள் இல்லன்னு ஒரு அல்ப ஆறுதல். 2000த்துலேர்ந்து 2010க்குள்ள குறைஞ்சது 32 குழந்தைங்க சாவுக்கு டிராப் சைடு காரணம்னு கமிஷன் சொல்லுது. கழுத்து நெரிஞ்சோ மூச்சு முட்டியோ.

2010 டிசம்பர்ல கமிஷன் ஓட்டுப் போட்டு இந்த டிராப் சைடையே ஒழிச்சுட்டாங்க. 2011 ஜூன் 28லேர்ந்து அமெரிக்கால அந்த மாதிரி தொட்டில தயாரிக்கவும் கூடாது, புதுசோ பழசோ விக்கவும் கூடாது. குழந்தைக் காப்பகம், ஹோட்டல் மாதிரி எடங்களுக்கு மட்டும் மாத்திக்க 2012 டிசம்பர் வரைக்கும் டைம் குடுத்தாங்க. அதனால ஒரு சுலபமான கணக்கு, லேபிள்ல தேதி 2011 ஜூனுக்கு முன்னாடின்னா மேற்கொண்டு எதையும் பாக்க வேண்டாம், அங்கயே விட்டுடலாம்.

தடைக்கு முன்னாடி சில கம்பெனிங்க ஒரு கிட் அனுப்பிச்சாங்களாம், டிராப் சைடு அசையாம லாக் பண்ற ஆணி, கிளிப் மாதிரி. எனக்கு உடனே ஆசை. கிட் கெடச்சா போதுமே, டிராப் ஆகலேன்னா பரவால்லயேன்னு கம்பெனி நம்பருக்கு அடிச்சேன், அந்த நம்பரே இப்ப உபயோகத்துல இல்ல. சரி நாமளே ரெண்டு எல் ஆங்கிள் வெச்சு முடுக்கிடலாமான்னு ஒரு ராத்திரி முழுக்க மனசுக்குள்ள டிசைன் பண்ணிட்டு இருந்தேன், பேப்பர்ல படம் கூட போட்டேன். டேப்பு, கம்பி, கயிறு, வீட்டு ரிப்பேர் எதுவும் தொட்டில்ல கூடவே கூடாதுன்னு கமிஷன் திரும்பத் திரும்ப சொல்லியிருக்காங்க, அது தெரிஞ்சும்தான். நிறுத்தினது அந்த எச்சரிக்கை இல்ல, எபாக்ஸிதான். என் எபாக்ஸி ஒட்டு உடையவே இல்லங்க. பக்கத்துல புதுசா இன்னொரு எடத்துல வெடிச்சிருந்துச்சு. பிளாஸ்டிக்கே செத்துப் போச்சுன்னா எங்க ஒட்டினாலும் அடுத்த எடம் உடையும். அதப் பாத்ததும் படத்தக் கிழிச்சுப் போட்டேன்.

அண்ணனுக்கு சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. நல்ல மனசோட குடுத்தாரு. போன்ல சொன்னப்ப கொஞ்சம் கோவம், "என் பசங்க ரெண்டு பேரும் அதுலதானேடா தூங்குனாங்க, என்ன ஆச்சு?"ன்னாரு. அரிசி மூட்டை வீடியோவ வாட்ஸ்அப்ல அனுப்பினேன் (ரெண்டாவது தடவ பண்ணிப் பாத்து வீடியோ எடுத்து வெச்சிருந்தேன்). பத்து நிமிஷம் பதில் இல்ல. அப்புறம் ஒரே ஒரு மெசேஜ்: "சின்னவன் இருந்தப்ப அந்த மூலை ஒருதடவ கழண்டுச்சு. நான்தான் தட்டி மாட்டினேன்."

மூணாவது சனிக்கிழமை ரம்பம். ஏன் அப்படியே வெளிய வைக்கலன்னா, எங்க தெருவுல குப்பை நாளுக்கு முந்தின ராத்திரி நல்ல சாமான் எதையாவது ஓரமா வெச்சா விடியறதுக்குள்ள யாராவது வண்டில ஏத்திட்டுப் போயிடுவாங்க, நானே அப்படி ஒரு டேபிள் எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தத் தொட்டில எடுக்கறவங்க யாரு? காசு இல்லாத, குழந்தை வரப்போற வீட்டுக்காரங்கதான். விக்கவோ தானமா குடுக்கவோ வேண்டாம், பிரிச்சுப் போட்டுடுங்கன்னுதான் சிபிஎஸ்சியும் சொல்லுது. டிராப் சைடு சட்டத்த மூணா அறுத்தேன், தடத்த நெம்பி எடுத்து தனியா போட்டேன், தலைப்பலகைல மார்க்கர்ல பெருசா "ரீகால் ஆனது, உபயோகிக்காதீங்க"ன்னு இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் எழுதினேன். நல்ல மரம்தான், அறுக்கும்போது வாசனை வந்துச்சு, மனசு கேக்கல. கெட்டது மரம் இல்ல பாருங்க, அந்த பிளாஸ்டிக்.

புதுத் தொட்டில் வாங்கினோம். நாலு பக்கமும் அசையாதது. கோக்க ஒன்றரை மணி நேரம், மேனுவல் பக்கத்துலயே. பழச கழட்டிப் பாத்துட்டு இத மாட்டும்போதுதான் என்ன மாறியிருக்குன்னு கைக்குத் தெரியுது. முக்கியமான ஜாயின்ட் எதுலயும் மரத்துக்குள்ள நேரா போற ஸ்க்ரூ இல்ல, எல்லாம் இரும்பு நட்டுக்குள்ள போற போல்ட், லூசாகாம இருக்க வாஷர். பக்கச் சட்டத்துல வரிசையா நிக்கற குச்சிங்க கெட்டி. குச்சிக்கு குச்சி இடைவெளி 2 3/8 இன்ச்சுக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது 1970கள்லேர்ந்தே இருக்கற ரூல், அதுக்கு மேல இருந்தா குழந்தையோட உடம்பு நழுவி தலை மாட்டிக்கும். அளவுகோல் வேண்டாம், கோக் கேன் எடுத்து நுழைச்சுப் பாருங்க, நுழைஞ்சுதுன்னா அந்தத் தொட்டில் ஆகாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு விரலுக்கு மேல போகக் கூடாது. மூலைல தலை தூக்கிட்டு நிக்கற குமிழ் இருக்கக் கூடாது, சட்டைத் துணி மாட்டிக்கும். இதெல்லாம் முடிஞ்சு திரும்ப அரிசி மூட்டை டெஸ்ட், இந்தத் தடவ நான் கொஞ்சம் கோவத்தோடயே உருட்டினேன், ஒண்ணும் ஆகல.

ஒரு கஷ்டம் உண்மைதான், டிராப் சைடு இல்லாம உயரம் கம்மியானவங்களுக்கு சிரமம். மனைவி அஞ்சடி ஒண்ணு. மெத்தைய கடைசி தட்டுக்கு எறக்கிட்டா குழந்தைய தூங்க வைக்கும்போது கை எட்டாம பொத்துனு போட வேண்டியதா இருக்கும். பொறந்த புதுசுல மெத்தை மேல் தட்டுல இருக்கறதால பிரச்சினை இல்ல, தானா உக்கார ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எறக்கணும். அதுக்குன்னு அகலமா, வழுக்காத ஒரு மரப்பலகைய படியா செஞ்சு கீழ போட்டேன், இந்த மொத்த புராஜெக்ட்ல நான் உருப்படியா செஞ்ச ஒரே மர வேலை அதுதான்.

பாக்ஸ்ல ஒரு போஸ்ட்கார்டு இருந்துச்சு, தபால் தலை ஒட்ட வேண்டாம், பேரு அட்ரஸ் எழுதி அனுப்பினா ரீகால் வந்தா நேரா நமக்கே சொல்வாங்க. எப்பவும் இந்த மாதிரி கார்டெல்லாம் நேரா குப்பைக்குத்தான் போகும். இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு படிச்சேன். 1998ல சிகாகோல டேனி கீசர்னு ஒன்றரை வயசு கூட ஆகாத பையன், பாத்துக்கறவங்க வீட்ல ஒரு மடக்குத் தொட்டில்ல செத்துப் போயிட்டான். அந்தத் தொட்டில் அஞ்சு வருஷம் முன்னாடி 1993லயே ரீகால் ஆனது. அந்த வீட்டுக்காரங்களுக்கு தெரியல. அவன் பேர்ல வந்த சட்டத்தாலதான் 2008க்கு அப்புறம் இந்தக் கார்டு கட்டாயம் ஆச்சு. எழுதி அன்னிக்கே போட்டுட்டேன். அண்ணன் வாங்கினப்ப இந்தக் கார்டெல்லாம் கெடையாது, அவருக்கு யாரும் சொல்லல.

இதெல்லாம் முடிஞ்சு ஒக்காந்தா அம்மா கும்பகோணத்துலேர்ந்து வந்து எறங்கினாங்க. ரெண்டு பெட்டி. ஒண்ணுல பழைய பருத்திப் புடவைய மடிச்சுத் தெச்ச மெத்து மெத்துனு ஒரு சுத்துத் தலையணை, தொட்டில் உள்பக்கம் சுத்திக் கட்ட. இன்னொண்ணுல கடுகுத் தலையணை, தலை உருண்டையா வரதுக்கு. தூளி கட்டவும் புடவை தயார், வந்த ரெண்டாம் நாள் மேல பாத்துட்டே "உத்தரம் எங்கடா இருக்கு?"ன்னாங்க. இந்த ஊரு சீலிங் அட்டைம்மா, ஊக்கு போட்டா அட்டையோட வந்துடும்னேன், அதுல தூளி கேஸ் முடிஞ்சுது. ஆனா சுத்துத் தலையணைக்கு நான் என்ன சொல்றது? கை வலிக்க வலிக்க தெச்சிருக்காங்க. இங்க அந்த மாதிரி பஞ்சு பம்பர் விக்கறதையே 2022 சட்டத்துல தடை பண்ணிட்டாங்க, குழந்தை முகம் அதுல அழுந்தினா திருப்பிக்கத் தெரியாது. தொட்டிலுக்குள்ள கெட்டி மெத்தை, இறுக்கமா ஒரு விரிப்பு, மல்லாக்க குழந்தை, அவ்ளோதான் இருக்கலாம்னு ஆஸ்பத்திரி கிளாஸ்லயும் சொன்னாங்க. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்ல.

"வெறும் தொட்டில்லயா படுக்க வைக்கறது, பிச்சைக்காரன் புள்ள மாதிரி"ன்னு அம்மாவுக்கு ஒரே வருத்தம். நான் சட்டம் கிட்டம் ஒண்ணும் பேசல, அண்ணனுக்கு அனுப்பின அரிசி மூட்டை வீடியோவக் காட்டினேன். ஒரு தடவ பாத்தாங்க, கண்ணாடிய மாட்டிட்டு இன்னொரு தடவ பாத்தாங்க. "அந்தச் சந்துல போச்சே..."ன்னு மட்டும் சொன்னாங்க. சுத்துத் தலையணை இப்ப மனைவி பால் குடுக்கும்போது முட்டுக் குடுக்கற திண்டு. கடுகு டப்பாக்குள்ள போயிடுச்சு, தாளிக்க.

பொண்ணு பொறந்து இப்ப ரெண்டு மாசம். மாசம் பொறந்தா ஒண்ணாம் தேதி எல் கீயோட எல்லா போல்ட்டும் ஒரு சுத்து பாக்கறேன். முதல் மாசம் ஒண்ணும் அசையல. இந்த மாசம் சுவர் பக்கம் மேல் வலது போல்ட் மட்டும் கால் சுத்து திரும்புச்சு. எல் கீயை தொட்டில் காலுக்கு வெளிப்பக்கம் கீழயே டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன், மேனுவலையும்.